மருந்து படாத பருத்தி

கோயமுத்தூர் கணபதியில் குடியிருந்த அமிர்தநாதனுக்கு வாரத்தில் பாதி நாள் சத்தியமங்கலம் பக்கத்துப் பருத்திக் காடுகளில்தான் போகும். பூச்சிமருந்து படாத பருத்தியை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை. மருந்தைத் தொடமாட்டோம் என்று ஒப்புக்கொண்டவர்களிடம் மட்டுமே கம்பெனி வாங்கும். சந்தையைவிடக் கூடுதலாகக் கொடுக்கும். ஒப்புக்கொண்டபடி நடக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வது அவன் பொறுப்பு.

கருப்பாத்தாளை இதில் சேர்த்துவிட்டதும் அவன்தான். அவள் புருசன் மருந்தடிக்கும்போது மயங்கி விழுந்து செத்தவர். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். மூன்று வெள்ளாமை, வேப்பங்கொட்டைக் கரைசலை வைத்தே சமாளித்தாள்.

தொண்ணூற்றேழில் காய்ப்புழு ஊரையே அழித்தது. அவள் காட்டில் கால் வைத்ததுமே மருந்து நாற்றம் அவன் மூக்கில் ஏறியது.

“அக்கா, மருந்தடிச்சீங்களா?”

“அடிச்சுப்போட்டனுங்க தம்பி. ஓரத்துல கொஞ்சந்தான். கண்ணு முன்னாலயே காயெல்லாம் போகுது, நான் என்ன பண்ணட்டும்? ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.”

இரண்டு நாள் அதை எழுதிக் கொடுக்காமல் தள்ளிப்போட்டான். கடைசியில் மேனேஜர் கிருபாசங்கரிடம் சொல்லிவிட்டான். அவளை நீக்கினார்கள். அதை அவளிடம் சொல்லவும் அவனையே அனுப்பினார்கள்.

“மூணு வருசம் அடிக்காம இருந்தது ஒண்ணுமே இல்லீங்களா?” என்றாள்.

அடுத்த மாதம் கம்பெனி குடோனில் ஒரு லாரி நின்றது. டிரைவர் சின்னானிடம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டான்.

“சத்தி ஏவாரிகிட்ட ஏத்துனதுங்க. கருப்பாத்தாள் காடு, அக்கம்பக்கத்துக் காடு, எல்லாந்தான்.”

அந்த மூட்டைகளும் நல்ல பருத்தியோடுதான் அடுக்கப்பட்டன. கிருபாசங்கரிடம் ஓடினான்.

“கப்பலுக்கு நாளாச்சு, சரக்குப் பத்தலைங்க. ஏவாரி சல்லிசா குடுத்தான்.”

“மருந்து பட்டதுங்க சார்!”

“நீங்க பாத்துச் சரின்னு சொன்ன சரக்குன்னுதாங்க போகுது. வெளிய சொன்னா மொதல்ல மாட்டுறது நீங்கதான்.” குரலை உயர்த்தவேயில்லை.

முன்பு வேலை பார்த்த மில்லை மூடிவிட, ஒரு வருசம் சும்மா உட்கார்ந்திருந்து கிடைத்த வேலை. மனைவி விமலாராணிக்கு அது நிறைமாதம். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தான்.

மறு வருசம் பக்கத்துக் காட்டைப் பார்க்கப் போனபோது கருப்பாத்தாள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தானே மருந்தடித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் துணியை இறக்கினாள்.

“வாங்க தம்பி. இங்க நீங்க பாக்கறதுக்கு இனி ஒண்ணுமில்லீங்களே.”

“உடம்பைப் பாத்துக்குங்க அக்கா,” என்றான். வரப்பேறிப் பக்கத்துக் காட்டுக்கு நடந்தான். கம்பெனியில் சேர்ந்திருந்த அந்தக் காட்டுக்காரர்கள் அவனுக்காகக் காத்திருந்தார்கள்.