எர்த் குழி

கோடு போட்ட நோட்டுத்தாளில் நீல மையால் எழுதிய பட்டியல் அது. பதினொரு வரிகள். பெரம்பலூரில் ஒரு மாடியில் கடை வைத்திருந்த கம்ப்யூட்டர்க்காரர் எழுதிக் கொடுத்தார். பிராசசர், மதர்போர்டு, மெமரி, கிராபிக்ஸ் கார்டு என்று தொடங்கி, மானிட்டர், யு.பி.எஸ். என்று இறங்கிப் பதினோராவது வரியில் ‘எர்த்’ என்று முடிந்திருந்தது. மற்ற பத்துக்கும் இல்லாத அடிக்கோடு அதற்கு மட்டும் இருந்தது. எதிரே இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

அது 2006. என் மகன் பொறியியல் முதலாண்டில் சேர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் நண்பனின் வண்டியில் தொற்றிக்கொண்டு திருச்சிக்குப் போய்விடுவான். அங்கே ஒரு கடையில் மணிக்கணக்குக்குக் காசு கட்டிக் கம்ப்யூட்டரில் விளையாடலாம். நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் லாரிகள். அவன் திரும்பும்வரை நான் பள்ளித் தேர்வுத்தாள்களைத் திருத்துவதாகப் பாவனை செய்துகொண்டு, ஒரே தாளை நான்கு முறை படித்துக்கொண்டிருப்பேன். அந்தச் சாலையிலிருந்து அவனை மீட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அந்த விளையாட்டையே வீட்டுக்குக் கொண்டுவருவதுதான். என் கணவர் அப்போது குவைத்தில் இருந்தார். போனில் கெஞ்சி அறுபதாயிரம் வரவழைத்தேன். “படிப்புக்குத்தானே?” என்றார். “படிப்புக்கும்தான்” என்றேன்.

பட்டியலைக் கூட்டினால் அறுபத்தொன்பதாயிரம் வந்தது. எதைக் குறைப்பது என்று கடையில் ஒரு மணி நேரம் பேசினோம். பேசியது அவர்கள் இருவரும்தான். இருபது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், அந்த இடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையைப்போல விழித்துக்கொண்டிருந்தேன். தட்டை மானிட்டர் போய்க் குண்டு மானிட்டர் வந்தது. ஹார்டு டிஸ்க் பாதியானது. மெமரி இரண்டுக்குப் பதில் ஒன்று. கிராபிக்ஸ் கார்டுக்கு வந்ததும் மகன் தாளின்மேல் கையை வைத்து மறைத்துவிட்டான்.

“இதுல மட்டும் கை வைக்காதம்மா. வேற எதை வேணா வெட்டு.”

“புள்ள சொல்றது சரிதாங்க மேடம்” என்றார் கடைக்காரர். “கார்டுல கஞ்சம் புடிச்சீங்கன்னா, அப்புறம் அறுபதாயிரத்துக்கு ஒரு டைப்ரைட்டர் வாங்குன மாதிரிதான்.”

நான் கடைசி வரியைக் காட்டி, இது கம்ப்யூட்டரிலேயே இல்லையே, இதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “அது இல்லாட்டி மத்த பத்தையும் வாங்காதீங்க. இது இரும்புப் பெட்டி. ஏதாச்சும் கோளாறாகிப் பெட்டியில கரண்ட் இறங்குச்சுன்னா, அது மண்ணுக்குப் போக ஒரு வழி வேணும். வழி இல்லன்னா தொடுறவன் வழியாத்தான் போவும்.” புது வீட்டில் எங்களுக்கு எர்த் குழியே கிடையாது. வீடு கட்டும்போதே பணம் தீர்ந்து, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்தோம்.

அந்த வரியைத்தான் என் தம்பி ஏற்றுக்கொண்டான். அவன் அரியலூரில் வயர்மேன். என் மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைத்தோம். ஆனால் தோடு வாங்க அவனிடம் அன்று வழியில்லை. “தாய்மாமன் சீரு எங்க, அடுத்த பஸ்ஸுல வருதா?” என்று என் நாத்தனார் பந்தலில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். தம்பி அப்போது பதினேழு வயதுப் பையன், சாப்பிடாமல் போய்விட்டான். அதிலிருந்து என் வீட்டில் எந்த வேலை என்றாலும் கூலி வாங்க மாட்டான். கம்ப்யூட்டர் விஷயத்தைக் கேட்டதும் போனிலேயே சொன்னான்: “எர்த் என்னுதுக்கா. குழாய், கரி, உப்பு எல்லாம் நானே கொண்டாறேன். கல்லு உடைக்க மட்டும் ஆள் வேணும்னா அந்தக் காச வச்சிரு. மாமன் சீரா இருந்துட்டுப் போவட்டும்.”

வந்தான். வீட்டின் பின்பக்கம் கடப்பாரையால் குத்தினான். இரண்டடிக்குக் கீழே சுக்கான் பாறை. அதற்குமேல் கடப்பாரை எகிறியதே தவிர இறங்கவில்லை. மதியம்வரை குத்திவிட்டு, கையில் கொப்புளத்தோடு வந்து உட்கார்ந்தான். “ரெண்டு நாள் குடுக்கா. கல்லு உடைக்கிறவனக் கூட்டியாறேன்.” அன்று சாயங்காலம் கடைக்காரர் கம்ப்யூட்டரோடு வருவதாக இருந்தது. மகன் நண்பர்களை அழைத்திருந்தான். அவன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. வாடினால் நாளைக்கே திருச்சி போய்விடுவான் என்று பயம்.

“வேற வழியே இல்லையாடா தம்பி?” என்றேன்.

“இருக்கு. ஆனா சரியில்லக்கா.”

மின்சாரம் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியிலிருந்து, ப்ளக் பெட்டிக்குள்ளேயே எர்த் துளைக்கு ஒரு சின்னக் கம்பியை இழுத்துவிடுவது. பல வீடுகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்றான். சோதித்துப் பார்த்தால் எர்த் இருப்பதாகவே காட்டும். “எல்லாம் நல்லாருக்கிற வரைக்கும் நல்லாருக்கும். நியூட்ரல் எங்கியாச்சும் வுட்டுப்போச்சுன்னா அவ்ளோதான்.”

“ரெண்டு நாளைக்குத்தானே. பண்ணிடு” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். தொழில் தெரிந்தவன் அவன். சொன்னது அக்கா. விரல் நீளக் கம்பி ஒன்றை வெட்டிப் பூட்டினான். சாயங்காலம் கடைக்காரர் டெஸ்டர் பல்பை வைத்துப் பார்த்து, “எர்த் ஜம்முன்னு இருக்கே” என்றார். தம்பி வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் நீல விளக்கோடு விசிறிகள் சுற்றின. என் மகன் அதன்முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாமி பார்ப்பதுபோலப் பார்த்தான்.

இரண்டு நாள் இரண்டு மாதமானது. தம்பி மூன்று முறை கேட்டான். “கல்லு ஆளக் கூட்டியாரட்டுமாக்கா?” முதல் முறை மகனுக்குக் கல்லூரித் தேர்வு, சத்தம் கூடாது என்றேன். இரண்டாவது முறை நான் வெளியூர்ப் பயிற்சி வகுப்பில் இருந்தேன். மூன்றாவது முறை என்னிடம் அந்தக் காசு இல்லை. இன்னொரு மெமரி போட்டால் விளையாட்டு நின்று நின்று ஓடாது என்று மகன் ஒரு வாரம் பின்னாலேயே சுற்றினான். பாறை உடைக்க வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில் இருந்தான். நான் தேர்வுத்தாள்களை ஒரே முறை படித்தேன். அது போதுமாக இருந்தது எனக்கு.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் காற்றும் மழையுமாக அடித்தது. மொட்டைமாடித் துணிகளை எடுத்துவர அவனை நான்தான் அனுப்பினேன். அவன் மேலே இருக்கும்போதே விசிறி நின்றது, டியூப்லைட் அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. பெட்டியை அணைப்பதற்காக ஈரக்காலோடு ஓடிவந்து அதன் ஓரத்தைப் பிடித்தான். கரண்ட் போகவில்லை. மாடியில் எங்கள் வீட்டுக்கு வரும் இணைப்பில், துருப்பிடித்த நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருந்தது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், அந்தச் சின்னக் கம்பி வழியாக வந்து பெட்டியின் உடம்பில் நின்றிருந்தது.

அவன் கத்தவில்லை. தோள் மட்டும் உதறியது. நான் வாசற்படியில் நின்றேன். மெயின் ஸ்விட்ச் என் முதுகுக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் இருந்தது. அது இருக்கும் இடம் எனக்குத் தெரியும். கை எழவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த நான்கடியை என்னால் கடக்க முடிவதில்லை. அவனேதான் பின்னால் சாய்ந்தான். அவன் பாரத்தில் பெட்டி மேசையிலிருந்து இழுபட்டு, ப்ளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. அதனால் பிழைத்தான்.

திருச்சி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தோம். வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக மடங்காது. இரண்டாம் நாள் என் கணவர் போனில் அழுதுகொண்டே கேட்டார். “எந்தப் பய வயரிங் பண்ணது?”

“தம்பிதான்” என்றேன்.

ஒரே சொல். அது பொய்யில்லை. அதற்குப்பின் சொல்லவேண்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தம்பி வராந்தாவில் இளநீரோடு நின்றுகொண்டிருந்தான். கேட்டிருப்பான். நாத்தனார் வந்து அவன் காதில் விழும்படியே சொன்னாள்: “அன்னிக்குப் பாக்கி வச்ச சீர இன்னிக்கு மொத்தமா செஞ்சுட்டான் தாய்மாமன்.” அவன் இளநீரை மேசையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

நாங்கள் வீடு திரும்பியபோது பின்பக்கம் எர்த் குழி முடிந்திருந்தது. தம்பி தனி ஆளாக, வாடகைக்கு எடுத்த மிஷினால் பாறையை உடைத்து, எட்டடி ஆழத்துக்குக் குழாய் இறக்கியிருந்தான். ப்ளக் பெட்டிக்குள் அந்தச் சின்னக் கம்பி இல்லை. பிறகு வயரிங் வேலையையே விட்டுவிட்டு ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றப் போனான். ஒருமுறை அரியலூருக்கே போய், “நான்தானடா சொன்னேன், எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்” என்றேன். “வுடுக்கா. நீ சொன்னா என்ன? தெரிஞ்சவன் நான்ல முடியாதுன்னுருக்கணும்” என்றான். அந்தப் பதில் எனக்குத் தோதாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிவந்துவிட்டேன். மகன் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் வேறொருவரை நிற்கவைத்தார் என் கணவர். என் தம்பி பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

போன வாரம் மகன் பெங்களூரிலிருந்து பேசினான். அவன் பிள்ளைக்கு இப்போது அதேபோல ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம். விலைப் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தவன் யு.பி.எஸ். வரைக்கும் வந்து திடீரென்று நின்றான். எப்படியோ சொல்லிவிட்டேன். “அன்னிக்கு அந்தக் கம்பியப் போடச் சொன்னது மாமா இல்லடா. நான்தான்.”

“தெரியும்மா” என்றான். “நான் உள் ரூம்லதான இருந்தேன். மாமா சரியில்லன்னு சொன்னதும் கேட்டுச்சு. கல்லு உடைக்கிற காசுன்னு தெரிஞ்சுதான் மெமரிக்குக் கேட்டேன்.”

பதினெட்டு வருடத்துக்குமேல். அவன் பெங்களூர் போகும்வரை ஒரே வீட்டில், ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டு, இருவரும். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அப்பா பக்கத்துல இருக்காராம்மா?” என்று கேட்டான்.

நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“இருக்காருடா.”

“சரிம்மா” என்றான். “அப்ப அப்புறம் பேசலாம்.”