பதிமூன்று வியாழக்கிழமைகள்

ஆளில்லாத வீடு ஒன்றில் டெலிபோன் மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள், அடித்து அடித்து அது ஓய்கிற நேரத்தில் திரை இருண்டு தொடரின் பெயர் வரும். எங்கள் வீட்டில் டெலிபோனே கிடையாது என்றாலும், வியாழக்கிழமை ஏழரை மணிக்கு அந்த மணிச் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து அம்மா, "ஆரம்பிச்சுட்டான், சவுண்டு வைடி" என்று கத்துவாள். நான் அரசு கொடுத்த அந்தச் சின்ன டிவியின் முன்னால், மூக்கு திரையில் இடிக்காத குறையாகப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

தொடரின் பெயரை எழுதப்போவதில்லை, எழுதினாலும் உங்களில் ஒருவருக்குக்கூட ஞாபகம் வராது. பதிமூன்று வாரம் வந்து, ஓசைப்படாமல் போன ஒரு கொலைக்கதை அது. மலையூர் ஒன்றில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் உள்ளே தாழிட்ட வீட்டில் செத்துக் கிடப்பார். விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு முதல் வாரத்திலிருந்தே ஜலதோஷம், கைக்குட்டையும் கையுமாக ஊரையே கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். செத்தவரின் தம்பி, மாடியில் குடியிருந்தவர், மருமகள் என்று மூன்று பேர் மேல் சந்தேகம். மற்ற நாட்களில் வந்த தொடர்களில் ஒரு மருமகள் பிரசவ வலியெடுத்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரவே இரண்டு மாதம் பிடிக்கும், அதற்குள் பார்க்கிற நமக்கு ஒரு வகுப்பு தாண்டிவிடும். இதுவோ முதல் நாளே "பதிமூன்றே வாரங்கள்" என்று சொல்லிவிட்டுத் தொடங்கியது. ஒரு கதை எப்போது முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதில் எவ்வளவு பெரிய மரியாதை இருக்கிறது என்று அம்மா நினைத்தாளோ என்னவோ, வாரத்தில் அந்த ஒரு மாலை மட்டும் வெங்காயத்தையும் அரிவாள்மணையையும் டிவி முன்னால் கொண்டுவந்துவிடுவாள்.

மாதனூரை ஒட்டிய ஒரு ஊர் எங்களுடையது. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகமான "அப்பர்" தைக்கிற பிரிவில் வேலை பார்த்தாள். அப்பா வேறொரு கம்பெனியின் பஸ் டிரைவர். எனக்கு எட்டு வயதாகும்போது இருவருக்கும் சண்டை. அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம், அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. அது என்ன வார்த்தை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குடியாத்தத்திலிருந்து மாமா வந்து தெருவே பார்க்க அப்பாவின் சட்டையைப் பிடித்து, "இனிமே இந்த வாசப்படி மிதிச்ச, நடக்கறதே வேற" என்றார். அப்பா ஆம்பூரில் டிரைவர்கள் தங்கும் ஒரு அறைக்குப் போய்விட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் ஓட்டிய பஸ்ஸின் கடைசி நிறுத்தம் எங்கள் ஊர். தினமும் சாயங்காலம் வேலை விட்டு வருகிற பெண்களை இறக்கிவிட்டு, ரேஷன் கடை எதிரில் பஸ்ஸைத் திருப்பி, காலி வண்டியாக ஆம்பூருக்கு ஓட்டிப் போவார். நான் கடை ஓரம் நிற்பேன். திரும்பும்போது ஒரு ஹார்ன் அடிப்பார், அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரு வருஷம் எனக்கு அப்பா என்றால் அந்த ஒரு ஹார்ன்தான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூட ஷூ கொடுக்கும் சாக்கில், பஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டு வாசலுக்கு வந்தார். தொடரின் முதல் வாரம் அது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றபடி எட்டிப் பார்த்து, "யாரு செத்தது?" என்றார். நான் சொன்னேன். அம்மா தலை நிமிரவில்லை. விளம்பரம் வரும்வரை நின்றே பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரமும் வந்தார். "அந்த கத இன்னா ஆச்சுன்னு பாக்கலாம்னு வந்தேன்" என்று என்னிடம் சொன்னார், அம்மாவின் காதில் விழுகிற மாதிரி. அந்த வாரம் படியில் உட்கார்ந்தார். நாலாவது வாரம் மழை, அதனால் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். ஆறாவது வாரம் அம்மா என் கையில் டீயைக் கொடுத்து, "குடு" என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை. டீசலும் வியர்வையும் கலந்த அவருடைய காக்கிச் சட்டை வாசனையும், எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாமல் அம்மாவின் கையில் ஒட்டியிருந்த ஷூத் தோல் வாசனையும் ஒரே அறையில் இருந்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இருவரும் என் வழியாகத்தான் பேசுவார்கள். "உங்கப்பன்கிட்ட சொல்லு, தம்பிக்காரன்தான் கொன்னிருக்கான்னு" என்பாள் அம்மா. "உங்கம்மாகிட்ட சொல்லு, மாடி வீட்டுக்காரன் மூஞ்சிய பாத்தாலே தெரியுது, தம்பி பாவம்" என்பார் அப்பா. நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினால் போதும். கொன்றவன் இடது கைக்காரன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். பதினோராவது வாரம், போஸ்ட்மாஸ்டரின் தம்பி டீ டம்ளரை இடது கையால் எடுக்கும் காட்சி வந்தபோது, அம்மா தன்னை மறந்து, "அந்தாளு கைய பாக்கலியா நீ?" என்று நேராக அவரைப் பார்த்தே கேட்டுவிட்டாள். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா டிவியைப் பார்த்தபடியே, "பாத்தேன் பாத்தேன், நீ சொன்னது சரிதான் போல" என்றார். எனக்குக் கொலையாளி யாராக இருந்தால் என்ன? யாரும் பிடிபடாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

பன்னிரண்டாவது வாரம் முடிந்ததும் திரையில் "அடுத்த வாரம் இறுதிப் பகுதி" என்று வந்தது. கதை முடிந்துவிட்டால் அப்பா எதைப் பார்க்க வருவார்? மறுபடி ரேஷன் கடை, மறுபடி ஒரு ஹார்ன். ஒரு வாரம் முழுக்க இதே யோசனை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று அழுதுவிட்டேன், காய்ச்சல் என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரிடமும் சொல்ல முடியவில்லை. கடைசியில் ஒன்பது வயது மூளைக்கு ஒரு வழி தோன்றியது: முடிவைப் பார்க்காவிட்டால் கதை முடியாது. முடியாத கதைக்கு அப்பா வந்துதானே ஆக வேண்டும்?

அம்மா கம்பெனியில் தையல் முடிந்ததும் பிசிறு நூலை வெட்டுகிற கையடக்கக் கத்தரிக்கோல் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதை வேறு யாரும் தொடக்கூடாது. அந்த வியாழக்கிழமை, அம்மா வருவதற்குள், டிவியின் பின்பக்கம் கேபிள் சொருகும் பின்னைத் திருகிக் கழற்றி, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பியை அந்தக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி மறுபடி சொருகி வைத்தேன். அவசரத்தில் கத்தரிக்கோல் நழுவி டிவிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அதற்குள் அம்மாவின் குரல் கேட்டது, எடுக்க நேரமில்லை.

அம்மா அன்று வரும்போதே கறி வாங்கி வந்திருந்தாள். வியாழக்கிழமை எங்கள் வீட்டில் கறி எடுத்ததே கிடையாது. எதற்கு என்று கேட்டதற்கு, "வாய மூடிக்கினு பூண்டு உரி" என்றாள். முகம் கழுவி, புடவை மாற்றி, பூகூட வைத்திருந்தாள்.

அப்பா வந்தார். டிவியைப் போட்டால் புள்ளி புள்ளியாகக் கொட்டியது, சத்தம் மட்டும் உஸ்ஸென்று. "கேபிள் போச்சு போல" என்று எழுந்து பின்னால் போனார். எனக்கு உயிரே போய்விட்டது. நடுரோட்டில் நின்றுபோன பஸ்ஸைத் தன் கையாலேயே சரிசெய்து ஓட்டுகிறவர், இந்தக் கம்பியையா ஒட்டவைக்க மாட்டார்? பின்னைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். குனிந்து எதையோ பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை தலையைத் திருப்பினார். பிறகு கம்பியைத் தொடாமல், பின்னை அப்படியே மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "சரி, வர்றேன்" என்றார்.

அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. ஹார்ன் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை வரவில்லை. சொல்லப்போனால் அதற்கு முந்திய திங்கட்கிழமையே எங்கள் ஊருக்கு வேறு டிரைவர் பஸ் ஓட்டி வந்தார். அப்பா கேட்டு வாங்கி வேறு வழித்தடத்துக்குப் போய்விட்டதாக அந்த பஸ்ஸில் வரும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் அதற்கப்புறமும் ஒரு மாதம் ரேஷன் கடை ஓரம் போய் நின்றேன், வெட்கமில்லாமல்.

இப்போது எனக்கு முப்பதை நெருங்குகிறது. வேலூரில் பாகாயம் பக்கம் ஒரு ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் போனில் எட்டுப் பகுதி, ஆறு பகுதி என்று அளந்து எடுத்த கொலைக்கதைகளைப் பார்ப்பதுதான் என் பொழுது. ஏன் இதையே பார்க்கிறாய் என்று தோழிகள் கேட்பார்கள். எத்தனை பகுதி என்று முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, மனதைத் தயார் செய்துகொள்ளலாம், வேறு ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து இவன்தான், அவன்தான் என்று சண்டை போட ஆளில்லாமல் கொலைகாரனைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய பேஜார் என்பது தனியாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பழைய தொடரை இணையத்தில் தேடாத இடமில்லை. ஒரு துண்டுகூட இல்லை. எங்கள் ஊர் கேபிள்காரர் கடை இப்போது செல்போன் ரிப்பேர் கடை. அரசு கொடுத்த டிவியை அம்மா எப்போதோ பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். அப்பா பஸ் ஓட்டிய கம்பெனியை மூடி, வாசலில் முள்செடி முளைத்துவிட்டது.

போன மாதம் ஒடுகத்தூரில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அம்மா வரமாட்டேன் என்றாள், நான் மட்டும் போனேன். பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கண் பார்வை குறைந்து வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு, சித்தப்பா வீட்டிலேயே இருக்கிறார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச ஒன்றும் கிடைக்காமல், "கடைசில யாருப்பா கொன்னது?" என்று கேட்டேன். எந்தக் கதை என்று அவர் கேட்கவில்லை.

"நான் எங்க பாத்தேன்? நேரா போய் பஸ்ல உக்காந்துக்கினேன். வண்டிய எடுக்கவே மனசு வர்ல." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "பன்னெண்டு வாரம் பாத்தேன் இல்ல, எனக்கும் துப்பு துலக்க தெரியும். கம்பி தானா அறுந்தா பிசிறா இருக்கும். அது வெட்னது. உங்கம்மா கத்திரி அங்கயே கெடக்குது. உள்ள கறி வாசன. உங்க மாமன் வர்றான், அதான் கறி, என்ன போவச் சொல்றா, அத வாயால சொல்ல பிடிக்காம இப்டி பண்ணி வெச்சிருக்கான்னு புரிஞ்சிக்கினேன். வேணாம்ன்றவ வீட்ல எத்தன நாளு டிவி பாக்கறது?"

எனக்குக் கை அப்படியே இலையில் நின்றுவிட்டது. "நான்தான்பா வெட்னேன்" என்றேன்.

"நீயா? இன்னாத்துக்கு?"

"முடிவ பாக்கலன்னா நீ அடுத்த வாரமும் வருவேன்னு."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு மாமா வரவே இல்லை, கறி உனக்குத்தான், அம்மா பூ வைத்திருந்தாள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் கண்ணிலிருந்து இலையில் சொட்டியது. ஐயோ, இதையெல்லாம் நான் ஏன் சொன்னேன் என்று ஆகிவிட்டது எனக்கு. கை கழுவும் இடத்தில் வைத்துத்தான் பேசினார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லப்பா."

"சொல்லாத. என்ன திட்டித் திட்டியே இத்தன வருஷத்த ஓட்டிட்டா. இப்ப போயி திட்றதுக்கு ஆள் இல்லன்னு ஆக்கிடாத."

சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டாள், என்ன சாப்பாடு என்று கேட்டாள், இரண்டு துண்டை மடித்து வைத்தபிறகு, "உங்கப்பன் வந்திருந்தானா? இன்னா சொன்னான்?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா."

"அவன் இன்னா சொல்லப்போறான். டிவி பாக்க வந்த ஆளு. படம் தெரியலன்னதும் எழுந்து போனவன்தான்."

மீதித் துணியை எடுத்து அவளோடு மடிக்க உட்கார்ந்தேன்.