கப்பலுக்குக் காந்தம் கொண்டுபோனவன்

இரண்டாயிரமாவது வருடம் தாண்டி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். பெங்களூர் ஆடுகோடியில் எனக்கு ஒரு சின்ன ஷெட் இருந்தது. அடிபட்ட கார்களை டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பதுதான் தொழில். அப்போது ஒரு பெயின்ட் கம்பெனி டப்பாவுக்குள் டோக்கன் போட்டுக் குலுக்கல் நடத்தியது. வாழ்க்கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர்கூடப் பரிசாக வாங்காத எனக்குக் குடும்பத்தோடு மூன்று நாள் கப்பல் பயணம் விழுந்தது. கொச்சியில் ஏறி, கடலில் ஒரு சுற்று போய்விட்டு, கொச்சியிலேயே இறங்க வேண்டும்.

என் மனைவி பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை பார்த்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நான் அவளை ஊர் சுற்றிப் பார்க்க என்று கூட்டிப்போனது ஓசூரைத் தாண்டியதில்லை. செய்தி தெரிந்த மறுநாளே அவள் சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிவிட்டாள். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தாள்.

கம்பெனிக்காரர்கள் கொடுத்த கலர் நோட்டீஸைப் படித்ததும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கப்பல் கொஞ்சம் பழையது, ஆனால் சமீபத்தில் முழுக்கப் புதுப்பித்திருக்கிறோம், பளபளவென்று இருக்கும் என்று அதில் போட்டிருந்தது. படிப்பவர்களுக்கு அது நல்ல செய்தி. எனக்குத்தான் பளபளப்பு எப்படி வருகிறது என்று தெரியுமே. துரு தின்று கதவின் அடியில் ஓட்டை விழுந்த வண்டியைப் புரோக்கர் ஓட்டிக்கொண்டு வருவார். "பார்க்க லட்சணமா இருந்தா போதும் குரு" என்பார். நான் ஓட்டையில் கம்பி வலை வைத்து, பட்டி என்கிற பசையைப் பூசி, காய்ந்ததும் தேய்த்து, பெயின்ட் அடித்தேன் என்றால் அந்த வண்டியைச் செய்த கம்பெனிக்கே அடையாளம் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் மட்டும் வண்டி பார்க்க வரும்போது கர்ச்சீப்பில் சுற்றி ஒரு காந்தம் எடுத்துவருவார்கள். உள்ளே தகடு இருந்தால் ஒட்டும். வெறும் பட்டி என்றால் கீழே விழுந்துவிடும்.

போகலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் இழுத்தடித்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"சும்னே இருங்க. அத்தனை பேரு போறாங்க, அவங்களுக்கெல்லாம் உசுரு இல்லையா?"

"காரு நடுரோட்ல நின்னா எறங்கித் தள்ளலாம். கப்பலை யாரு தள்றது?" என்றேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கடைசியில் நேரில் பார்த்து முடிவு பண்ணலாம் என்று கிளம்பினோம். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கர்ச்சீப்பில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

துறைமுகத்தில் பையைச் சோதித்தவர் அதை வெளியே எடுத்து இது என்ன என்றார். நான் மனைவியைப் பார்த்தேன். என் மனைவி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "அவருக்கு முட்டிவலி சார், காந்த வைத்தியம் பண்றாரு" என்றாள். அந்தப் பொய்க்கு மரியாதையாக நான் கப்பல் வரைக்கும் நொண்டிக்கொண்டே போனேன்.

கப்பல் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அதுவே எனக்குப் பயத்தைக் கிளப்பியது. மேல்தளத்தில் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மெல்ல ஒதுங்கிப்போய் வெள்ளைச் சுவரில் காந்தத்தை வைத்தேன். அது வழுக்கிக்கொண்டு கைக்குள் விழுந்தது. பக்கத்தில் வைத்தேன், மறுபடி விழுந்தது. இன்னொரு மூலையிலும் அதே கதைதான்.  சுவர் பூராவும் பட்டி என்றால் இந்தக் கப்பலில் இரும்பு எங்கேதான் இருக்கிறது?

மனைவியிடம் ஓடிப்போய் இறங்கிவிடலாம் என்றேன். ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுக்குள் கழுத்து வரை புதைந்திருந்த மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மனைவி சண்டை போடவில்லை. ஜாக்கெட்டின் முடிச்சைத் தானே அவிழ்த்துக்கொண்டு, "நீங்க சொன்னா எறங்கிடலாம். ஆனா இனிமே என்னை எங்கேயும் கூப்பிடாதீங்க" என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஏணியைத் தூக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எங்களை இறக்கிவிடச் சொல்லிக் கேட்கப்போன இடத்தில், பெயின்ட் கறை படிந்த உடுப்போடு ஒருவர் கைப்பிடிக் கம்பியில் பெயின்ட் உதிர்ந்த இடங்களுக்கு டச்சிங் அடித்துக்கொண்டிருந்தார். பேச்சைக் கேட்டதும் தெற்கத்திக்காரர் என்று தெரிந்தது. தூத்துக்குடியாம். என் கையில் இருந்த காந்தத்தைக் காட்டி, என் தொழிலையும் விஷயத்தையும் சொன்னேன். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மேல உள்ளது பூராம் அலுமினியம்லா அண்ணாச்சி. அதுல எப்படிக் காந்தம் ஒட்டும்? மேல கனம் கூடுனா கப்பல் சாஞ்சிரும். வாங்க, கீழ காட்டுதேன்."

பயணிகள் போகக் கூடாத இடம்தான். இருந்தாலும் இரும்புப் படிகளில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வடக்கயிறு கட்டியிருந்த அந்தத் தளத்தின் சுவர் அருகே காந்தத்தைக் கொண்டுபோனதும் டப்பென்று அடித்து ஒட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் எடுக்க முடிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படி ஒரு நிம்மதி.

அவர் அதோடு விடவில்லை. புதிதாகத் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்த ஓர் இடத்தைத் தடவிக் காட்டி, அங்கே துருப்பிடித்துக் கிடந்ததை வெட்டியெடுத்துவிட்டு மாற்றியதாகச் சொன்னார். இன்னொரு மூலையில் லேசான துரு இருந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை, அடுத்த முறை சுரண்டிவிடுவோம் என்று அதையும் அவரே காட்டினார். நானாகப் பார்த்திருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது. பிறகு வெள்ளந்தியாகக் கேட்டார்.

"நீங்களும் பெயின்டர்தானே? வண்டி வாங்க வாற ஆளுங்களுக்கு நீங்களும் இப்படித்தான காட்டுவீக?"

நான் "ம்" என்றேன். 

மேலே ஓடிப்போய் மனைவியின் ஜாக்கெட் முடிச்சை நானே மறுபடி கட்டிவிட்டேன். அவள் முகத்தில் சிரிப்பு வருவதை மறைக்கத் திரும்பிக்கொண்டாள். அந்த மூன்று நாளும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேளாவேளைக்குச் சாப்பிடத்தான் உள்ளே வந்தாள். நான் பல வருடம் தூங்காத தூக்கம் தூங்கினேன்.

திரும்பி வந்த பிறகு, புரோக்கர் கொண்டுவரும் வண்டியில் எங்கே பட்டி இருக்கிறது என்பதை வாங்க வருபவரிடம் நானே கையை வைத்துக் காட்ட ஆரம்பித்தேன். புரோக்கர்கள் ஒவ்வொருவராக வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் வேலை குறைந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு கப்பலில் என் மகளை ஏற்றலாமா என்று நான் ஒரு மாதம் யோசித்தேன். என் ஷெட்டில் பளபளத்து நின்ற வண்டிகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனவர்கள் யாரும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவர்களில் யார் முகமும் இன்று எனக்கு ஞாபகம் இல்லை என்பதுதான் உறுத்துகிறது.