கவர்னருக்கா காது போச்சு?

மன்னிப்பு மனத்திலிருந்து வரவேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கர்நாடகத்தில் அது உள்துறையிலிருந்து வருகிறது. அந்தத் துறையின் ஒரு பிரிவில் உட்கார்ந்து கருணை மனுக்களுக்குக் குறிப்பு எழுதியே நான் ஓய்வு பெற்றேன். மனு கவர்னர் மாளிகைக்குப் போகும். அங்கே யாரும் அதைப் படித்துக் கண் கலங்குவதில்லை. முத்திரை குத்தி உள்துறைக்கு அனுப்புவார்கள். உள்துறை போலீஸுக்கு அனுப்பும். அங்கிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் ஒரு கான்ஸ்டபிளின் பைக்கில் ஏறி, அன்று அடிபட்டவரின் வீட்டு வாசலில் போய் நிற்கும். இவரை மன்னிப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கான்ஸ்டபிள் கேட்பார். அவர் எழுதிக்கொண்டு போகிற இரண்டு வரிதான் மறுபடி படியேறி மேலே வரும். மற்றதெல்லாம் இணைப்பு.

ஓய்வுக்குப் பிறகு, பழைய தண்டனையோடு அல்லாடுகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். "பென்ஷன் வாங்கிட்டும் ஃபைல் பாக்கற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்பாள் என் மனைவி. ஆனாலும் வருகிறவர்களுக்கு அவள் காபி கொடுக்காமல் இருந்ததில்லை. அந்தக் காபியும் இந்தக் கதையில் ஒரு சாட்சி.

பெங்களூரின் மர்பி டவுனிலிருந்து ஒருநாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தலை முழுக்க நரைத்திருந்தாலும் சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டு, தானே பள்ளிக்கூடம் போகிறவர் மாதிரி இருந்தார். இன்னொருவர் பஞ்சர் கடை வைத்திருக்கிறவர். நாற்காலிகளைக் காட்டினேன். வேன்காரர் சுற்றிக்கொண்டு போய், நண்பருக்கு வலது பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடத்தில் புதிதாக எல்லா டிரைவருக்கும் போலீஸ் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். வேன்காரருக்குப் பழைய தண்டனை இருப்பதாக ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டு, அவரைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தது நிர்வாகம். கல்வி ஆண்டு முடிவதற்குள் அரசின் மன்னிப்பு வந்தால் வேன், வராவிட்டால் வீடு.

"என்ன கேஸ்?" என்றேன்.

"அடிதடி சார். உள்ள இருந்துட்டு வந்தேன். அப்ப ஜெயிலு ஊருக்கு நடுவுல இருந்திச்சி. இப்ப பார்க் ஆக்கிட்டாங்க."

"யாரை அடிச்சீங்க?"

பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். "இவனத்தான்."

பஞ்சர் கடைக்காரர் சிரித்தார். "கேரம் ஆடிட்டு இருந்தோம் சார். செவப்புக் காய நான் போட்டேன், இல்லன்னான். ஸ்டூல எடுத்து அடிச்சிட்டான். நல்ல தேக்கு ஸ்டூலு. அதுக்கு ஒண்ணும் ஆவல. எனக்கு எடது காது போச்சி."

"போட்டியாடா நீ?" என்றார் வேன்காரர். "கை போர்டுல பட்டுது மச்சி. இன்னிக்கும் சொல்லுவேன்."

"பாத்தீங்களா சார்? ஜெயிலுக்குப் போயும் புத்தி வரல."

என் அனுபவத்தில் அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே தட்டில் பிஸ்கட் எடுத்ததில்லை. நான் உள்ளுக்குள் துள்ளினேன் என்றே சொல்லவேண்டும். கருணை மனுக்கள் வழுக்கி விழுகிற இடமே அடிபட்டவர் வீட்டு வாசல்தான். இங்கே அந்த வாசலே நடந்து என் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தது.

மனுவில் ஒரு குறை வைக்கவில்லை. தண்டனை முழுவதையும் அனுபவித்தது, பிறகு ஒரு வழக்கும் இல்லாதது, இத்தனை வருடம் குழந்தைகளைக் கீறல் படாமல் கொண்டுபோய் விட்டது, பெற்றோர் சிலரின் நற்சான்று எல்லாவற்றையும் சேர்த்தேன். பஞ்சர் கடைக்காரர் பெயரில் 'ஆட்சேபணை இல்லை' என்று முத்திரைத்தாளில் கன்னடத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்து, அவருடைய வலது காதுப் பக்கம் குனிந்து, தமிழில் சத்தமாகப் படித்துச் சொன்னேன்.

"சரியா?"

"நீங்க எழுதுனா சரியாத்தான் சார் இருக்கும்."

கையெழுத்துப் போட்டார். என் மனைவி அவருக்கு இன்னொரு காபி கொண்டுவந்தாள்.

மாதங்கள் போயின. வேன்காரர் வாரம் தவறாமல் வந்து கேட்டுவிட்டுப் போவார். "வேற ஆளு ஓட்டுறான் சார். பிரேக்க மிதிச்சா புள்ளைங்க எல்லாம் முன்னாடி வந்து விழுதுங்க. நான் ஹோஸ் புடிச்சிக்கிட்டு பாத்துட்டு நிக்கறேன்." ஃபைல் சரியான வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்று தைரியம் சொல்வேன். வழி சரியாகத்தான் இருந்தது.

ஒரு மதியம், எனக்குக் கீழே வேலை பார்த்து இப்போது அதே பிரிவில் அதிகாரியாக இருப்பவர் போன் செய்தார். "சார், நிம்ம வேன் டிரைவர் ஃபைல் ஹோய்த்து."

"போச்சா? எப்படிப் போகும்?"

"அடிபட்டவரே ஆட்சேபணை சொல்லிட்டாரு சார். கான்ஸ்டபிள்கிட்ட சொல்லி கையெழுத்தும் போட்டிருக்காரு. முன்ன குடுத்த பத்திரம், வேண்டியவங்க வற்புறுத்தி வாங்குனதாம்."

அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. எத்தனையோ மனுக்களின் கழுத்தில் நானே அதை மாட்டியிருக்கிறேன். அதில் வருகிற 'வேண்டியவங்க' நானாக இருப்பது அன்றுதான் முதல்முறை.

செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பஞ்சர் கடைக்குப் போனேன். அவர் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"என் வீட்டுல உக்காந்து கையெழுத்துப் போட்டீங்களே?"

"போட்டேன் சார். அம்மா கையால காபி குடிச்சிட்டு உங்க மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படிச் சொல்றது? மரியாதை இல்ல பாருங்க."

"போலீஸ்கிட்ட மட்டும் சொல்லலாமா?"

"அவரு கேட்டாரு, ஆட்சேபணை இருக்கான்னு. இருக்குது, சொன்னேன். நீங்க கேக்கல சார். படிச்சீங்க, சரியான்னீங்க."

"தினமும் அவரோட டீ குடிக்கிறீங்க. இத்தனை வருஷ சிநேகிதம்."

"ஆமா சார். உள்ள இருந்து வந்த மறுநாளே டீக்கடைக்கு வந்து பக்கத்துல உக்காந்தான். நானும் பேசிட்டேன். ஆனா தப்புடா மச்சின்னு ஒரு வார்த்த, அன்னியிலேந்து இன்னி வரைக்கும் அந்த வாய்ல வரல. சரி போறான்னு விட்டேன். இப்ப பாத்தா பேப்பர்ல எழுதி கவர்னர்கிட்ட மன்னிப்பு கேக்கறான்." டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்து உதறினார். "கவர்னருக்கா சார் காது போச்சு?"

அரசியல் சாசனம் மன்னிக்கிற அதிகாரத்தைக் கவர்னருக்குத்தான் கொடுத்திருக்கிறது, ஒற்றைக் காதுக்காரருக்கு அல்ல என்று சொல்லலாம்தான். அவர் துடைத்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

வேன்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். பள்ளிக்கூட வாசலில் ஹோஸைக் கையில் பிடித்தபடி கேட்டார். தண்ணீர் ஒரே செடியில் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அவனா சொன்னான்?" என்றார். ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, "நான் கேக்கலியாமா? இத்தினி வருஷமா எங்க போனாலும் அவனுக்கு வலது பக்கமாத்தான் சார் உக்கார்றேன். சர்ச்சுல, கல்யாணத்துல, பஸ்சுல. அது என்னவாம்?"

"ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். அவர் மறுபடி எழுதிக் கொடுத்தா, சூழ்நிலை மாறியிருக்குன்னு இரண்டாவது மனு போடலாம். வழி இருக்கு."

"சாவிக்காகக் கேட்டா அது மன்னிப்பா சார்? அவன் காறித் துப்புவான். நானும் கேக்க மாட்டேன். எங்கூட உக்காந்து டீ குடிச்சிட்டு போலீஸ்காரன்கிட்ட சொன்னவன்கிட்டயா?"

இரண்டாவது மனுவை எழுதியே வைத்தேன். ஒரு கையெழுத்துக்கும் ஒரு வார்த்தைக்கும் மட்டும் இடம் விட்டிருந்தேன். இருவரிடமும் மாறி மாறிப் போனேன். வார்த்தை வரட்டும் என்றார் ஒருவர், கையெழுத்து வரட்டும் என்றார் மற்றவர். செயலகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு ஃபைலை யாரும் நிறுத்தி வைத்ததில்லை. கல்வி ஆண்டு முடிந்தது. பள்ளிக்கூடம் வேன்காரரைக் கணக்குத் தீர்த்து அனுப்பியது. வேனைப் பிரேக்கை மிதிக்கிற அந்த ஆளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு வேன்காரர் என் வீட்டுக்கு வரவில்லை. மார்க்கெட்டுக்குக் காய்கறி டெம்போ ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன். பால் வாங்கப் போன என் மனைவிதான் மீதியைக் கொண்டுவந்தாள்.

"உங்க கட்சிக்காரங்க ரெண்டு பேரும் பழையபடி டீக்கடையில உக்காந்திருக்காங்க."

"சமாதானம் ஆயிட்டாங்களா? வேன்காரர் அந்த வார்த்தையைச் சொல்லிட்டாரா?"

"வார்த்தை எல்லாம் உங்களைப் பத்தித்தான். பெருசு சும்மா இருந்திருந்தா போலீசு கடை வாசலுக்கு வந்திருக்குமா, ஸ்கூல்ல செடிக்கு தண்ணியாச்சும் ஊத்திட்டு இருந்திருப்பேன்னு இவர் சொல்றார். எங்கிட்ட காபி குடுத்தே கையெழுத்து வாங்கிட்டாருன்னு அவர் சொல்றார்."

எந்த விதியிலும் இப்படி ஒரு முடிவு கிடையாது. அடித்தவருக்கு மன்னிப்பு இல்லை, அடிபட்டவருக்கு வார்த்தை இல்லை. இருவரும் சேர்ந்து என்னைக் குற்றவாளியாக்கி ராஜியாகிவிட்டார்கள். எனக்காக மனு எழுத இந்த ஊரில் வேறு ஆளும் இல்லை.

மறுநாள் அந்த வழியாகவே போனேன். பெஞ்சில் இருவரும் இருந்தார்கள். வேன்காரர் வழக்கம்போல வலது பக்கம். என்னைக் கண்டதும் டீ கிளாஸுக்குள் பார்க்க ஆரம்பித்தார். நான் பஞ்சர் கடைக்காரருக்கு நேராகப் போய் நின்று, "அந்த இரண்டாவது மனு இன்னும் என்கிட்டதான் இருக்கு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மரியாதையாக லேசாக எழுந்து உட்கார்ந்தார். பிறகு நண்பர் பக்கம் திரும்பி, கேட்காத காதை எனக்குக் காட்டிக்கொண்டு, டீயைக் குடித்தார்.