காப்பிக் கலர் கதவுகள்

பெருநகர் என்ற ஊரில் நாங்கள் வீடு கட்டியபோது, கதவுகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்க உத்திரமேரூரிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், இமை மயிரில்கூடப் பெயிண்ட் துகள் படிந்திருக்கும். ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்குமுன் ஒவ்வொரு கதவையும் புறங்கையால் மெதுவாகத் தடவிப் பார்ப்பார்.

மரத்தின் ரேகை தெரியும்படி வார்னிஷ் அடிக்கத்தான் நான் சொன்னேன்.

"வார்னிஷ் வேணாம் சார். காப்பிக் கலர் அடிச்சிக்கலாம், அயுக்கு தெரியாது" என்றார்.

தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று சம்மதித்தேன். கதவுகள் கண்ணாடிபோல் பளபளத்தன.

எட்டே மாதத்தில் படுக்கையறைக் கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது. உள்ளே மரமெல்லாம் பூச்சி அரித்த பொத்தல்கள். அவற்றைப் பட்டிப் பசை வைத்து அடைத்திருந்தார்கள். கதவு செய்த தச்சர் போனை எடுக்கவில்லை. பெயிண்டரைத் தேடிப் போனேன்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"தொட்ட அன்னிக்கே தெரியும் சார். கதவு செஞ்சவன் என் மச்சான். சொன்னா அவன் பொழப்பு பூடும்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன்."

பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"புதுக் கதவு போடு சார். நானே வந்து அடிச்சித் தரேன்" என்றார். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

புதுக் கதவு வந்து ஒரு மாதமாகிறது. அவரைக் கூப்பிட மனம் வரவில்லை. வேறு யாரிடமும் கொடுக்கவும் மனம் வரவில்லை.