மூன்றரை மணிக்குப் பிறகு

செல்வராணியும் அவள் கணவன் விஜயராஜும் தூத்துக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்கள். கொள்முதல் அவன் பொறுப்பு. மிச்சம் பிடித்ததைப் பங்குச்சந்தையில் போடுவது அவள் பொறுப்பு.

கொரோனா வந்த மார்ச்சில் சந்தை சரிந்தபோது, பதறிப்போய், கையில் இருந்த பங்குகள் அத்தனையையும் அடிமாட்டு விலைக்கு விற்றாள். சில வாரங்களில் விலை ஏறத் தொடங்கியது. விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் யார் யாரோ சொன்னதை எல்லாம் வாங்கினாள், அதிலும் அடி. அந்த நாட்களில் கடைக்கு வந்தவர்களிடம்கூட எரிந்து விழுந்தாள். சாப்பிடும்போதும் கண் செல்போனில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாங்கியதையும் விற்றதையும் ஒரு தாளில் எழுதினாள். அந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு சொல். பயம். ஆத்திரம். ஆசை. மறுபடியும் பயம். நிதானம் என்று எழுத முடிந்தது நான்கு இடத்தில்தான். அந்த நான்கில் மூன்று நல்லபடியாக வந்திருந்தன.

சந்தை மூன்றரைக்கு மூடும். அதற்குப் பிறகுதான் எந்த முடிவும் என்று வைத்துக்கொண்டாள். முடிவு செய்ததை மறுநாள் காலையில் செய்துவிட்டு, போனை மேசை டிராயரில் போட்டுவிடுவாள். முதல் மாதம் அந்த டிராயரைத் திறந்து திறந்து மூடினாள். போகப் போக அந்த அரிப்பு அடங்கிவிட்டது.

2024 ஜூனில் தேர்தல் முடிவு வந்த நாள், சந்தை தடதடவென விழுந்தது. கடை டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த விஜயராஜுக்கு வியர்த்துக் கொட்டியது.

“ஏளா, எல்லாத்தையும் வித்துப்போடு. நாளைக்கு ஒண்ணும் மிஞ்சாது.”

“எனக்கும் கை நடுங்கத்தான் செய்யுது. நடுங்குத கையால நான் எதையும் விக்க மாட்டேன். மூணரை ஆகட்டுங்க, பேசுவோம்.”

அந்த நேரம் பார்த்து ஓட்டப்பிடாரத்திலிருந்து ஆறுமுகத்தாய் என்பவள் மகளையும் கூட்டிக்கொண்டு, அவள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தாள். அம்மா பெரிய பெரிய அண்டாவாகப் பார்த்தாள். இரண்டு பேருக்குச் சமைக்க எதற்கு இவ்வளவு என்று மகள் சிணுங்கினாள். செல்வராணி இருவருக்கும் நடுவே புகுந்து ஒரு குக்கரில் சமாதானம் செய்துவைத்தாள். குத்துவிளக்குத் தேர்ந்தெடுக்க மட்டும் ஒரு மணி நேரம். சிரித்துச் சிரித்து செல்வராணிக்குச் சந்தை மறந்தே போனது.

மூன்றரைக்குப் பிறகு கணவனை உட்காரவைத்து, ஒவ்வொரு பங்கையும் எதற்காக வாங்கினோம் என்று பார்த்தாள். அந்தக் காரணம் ஒன்றுகூட மாறியிருக்கவில்லை. எதையும் விற்கவில்லை.

மூன்றே நாளில் விழுந்ததெல்லாம் எழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விஜயராஜ் பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம், தான் அசையாமல் உட்கார்ந்திருந்த கதையைக் கை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த செல்வராணிக்குப் புரையேறியது. ஆனாலும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

போன வருஷம் ஏப்ரலில் இன்னொரு சரிவு. அன்று அவன் டிவியைப் போடவே இல்லை. கடையைச் சாத்திவிட்டு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, அவள் கல்லூரித் தோழி பிலோமியின் ஊரான புன்னைக்காயலுக்குப் போனான். ஆறு கடலில் சேருகிற இடத்தில் மூன்று பேரும் முழங்கால் நனைய நின்றார்கள். பிலோமி ஒரு அலையைக் காட்டிக் குதிக்கச் சொல்ல, விஜயராஜ் தாமதமாகக் குதித்து, தொப்பென்று விழுந்து, மூக்கில் ஏறிய உப்புத் தண்ணீரோடு மற்ற இருவருக்கும் முந்தித் தானே சிரித்தான்.