மருதாணி வைத்த விரல்கள்

குறுவை நடவு நேரத்தில் நான் ஊருக்கு வந்திருக்கக் கூடாது. ஆனால் மலேசியாவில் ரொட்டிக் கடை முதலாளி எப்போது லீவு கொடுக்கிறாரோ அப்போதுதான் வர முடியும். அந்த வருஷம் அவர் ஆனியில் கொடுத்தார்.

எனக்கு எட்டாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. அதன் பிறகு ஓர் இடத்தில் நிலைத்ததும் இல்லை. திருப்பூர், சூரத், கொஞ்ச காலம் அந்தமான், கடைசியில் மலேசியா. அங்கேதான் அதிக வருஷம் ஒட்டிக்கொண்டேன். புதிதாக வேலை பெர்மிட் எடுக்க அவர்கள் வைத்திருக்கும் வயதை நான் தாண்டியாகிவிட்டது. இருக்கிற பெர்மிட்டை வருஷா வருஷம் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை ஏர்போர்ட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டால் அதோடு சரி. மறுபடி அந்த ஊருக்குள் கால் வைக்க முடியாது. இந்தப் பயம் ஒவ்வொரு லீவிலும் என் கூடவே வந்து கூடவே திரும்பும்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் அக்காவுக்குக் கொஞ்சம் நிலம். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே வாரத்தில் நடவில் இறங்கிவிட்டது. அக்காவின் வயல் பள்ளம். நடவு மிஷினை இறக்கினால் பாதியில் புதைந்து நிற்கும். ஆட்கள்தான் வேண்டும். வருகிறேன் என்று சொன்ன ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மச்சான் திருப்பூரில் கம்பெனி வேலையில் இருந்தார். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

"நீ ஏன்டா இறங்குற? ஊருக்குப் போறவன் சும்மா இரு" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே என் கைலியை எடுத்து வரப்பில் போட்டாள்.

நாற்று பறிப்பது பார்க்கிறவர்களுக்குச் சுலபம். குனிந்து, கொத்தாகப் பிடித்து, வேர் அறாமல் இழுத்து, தண்ணீரில் அடித்துச் சேறு போக்கி, சின்னச் சின்னக் கட்டாக, முடி முடியாகக் கட்ட வேண்டும். பிடிப்பதும் இழுப்பதும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். நடுவிரல் துணைக்கு வரும். பல வருஷமாக மாவும் எண்ணெயுமாக இருந்த கை. சேறும் அதில் கிடந்த உரமும் பட்டதும் தோல் ஊறி வெளுத்து, நுனியெல்லாம் வெடித்துவிட்டது. கால் விரல் இடுக்குகளில் சேற்றுப்புண். வேலை முடிந்து நாற்று வயலுக்குப் போனபோது என்னால் தண்ணீர்ச் செம்பைப் பிடிக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் சேற்றுப்புண்ணுக்கு மருதாணிதான். கொல்லையிலேயே செடி இருந்தது. மறுநாள் எனக்குத் திருச்சியில் ப்ளைட். பொழுது சாயும் நேரத்தில் அக்கா இலையை மஞ்சளோடு அரைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். புண் இருந்த விரல்களுக்கெல்லாம் குப்பி மாதிரி அப்பினாள்.

"கால நீட்டு."

"கால்ல வேணாம்க்கா. ஷூ போட்டுக்கிட்டுப் போகணும்."

"ஷூவுக்குள்ள யாரு பாக்கப் போறா? நீட்டுடா."

நீட்டினேன்.

காலையில் கழுவியபோது எரிச்சல் குறைந்திருந்தது. விரல் நுனிகள் செங்கல் நிறத்தில் இருந்தன. பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடையில் ஒருத்தர், "என்ன மாப்ள, பொண்ணு அங்கயா இங்கயா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏர்போர்ட்டில் விரல் வைக்கிற மிஷினைப் பற்றி அப்போது எனக்கு நினைப்பே வரவில்லை. பாஸ்போர்ட் இருக்கிறதா, பெர்மிட் தாள் இருக்கிறதா என்றுதான் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன்.

திருச்சி ஏர்போர்ட் வாசலில் பாபநாசத்திலிருந்து வந்த ஓர் அம்மாவை அவர் மகன் என்னிடம் ஒப்படைத்தார். மகள் பிரசவத்துக்காக அந்த அம்மா முதல் தடவையாகப் போகிறார். "அண்ணே, நீங்க பழகினவர் மாதிரி இருக்கீங்க. வெளிய எங்க மாப்பிள்ளை நிப்பாரு. அதுவரைக்கும் அம்மாவ கொஞ்சம் பாத்துக்குங்க."

பழகினவர் என்று சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிடும். சரி என்றேன்.

விமானத்தில் அந்த அம்மா வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். "தம்பி, இறங்கினதும் என்ன கேப்பாங்க?"

"எதுக்கு வந்தீங்கன்னு கேப்பாங்க. மக வீட்டுக்குன்னு சொல்லுங்க. ரிட்டன் டிக்கெட்டக் காமிங்க."

"அவ்வளவுதானா?"

"அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். ரெண்டு ஆள்காட்டி விரலயும் அதுல வைக்கச் சொல்வாங்க. வச்சா பச்ச லைட் எரியும். போயிக்கிட்டே இருக்கலாம்."

சொல்லும்போது என் விரலை நீட்டிக் காட்டினேன். நீட்டிய விரலை நானே பார்த்தேன். நுனி முழுக்க வெடிப்பும் செங்கல் நிறமும். இதில் மிஷின் ரேகையை எங்கே கண்டுபிடிக்கும்?

அதன் பிறகு அந்த அம்மா சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. கழிவறைக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மருதாணி போகவில்லை. ஆறிக்கொண்டிருந்த தோல்தான் உரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கோலாலம்பூரில் சாயங்கால வரிசை நீளமாக இருந்தது. என்னைப் போன்ற வேலை ஆட்கள் வரிசையில் நிற்கும் விதமே தனி. பாஸ்போர்ட்டைப் படம் இருக்கிற பக்கத்தில் பிரித்து விரலை இடையில் வைத்துக்கொண்டே நிற்போம். முன்னால் நிற்பவரை அதிகாரி எத்தனை கேள்வி கேட்கிறார், எந்த கவுண்ட்டரில் சீக்கிரம் விடுகிறார் என்று கண் ஓடிக்கொண்டே இருக்கும். தப்பு செய்திருக்க வேண்டியதே இல்லை. அந்தக் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் போனதும் செய்தவன் மாதிரியே நிற்போம். நான் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே நகர்ந்தேன்.

அந்த அம்மாவை எனக்கு முன்னால் விட்டேன். மகள் வீடு என்றார், டிக்கெட்டைக் காட்டினார், விரல் வைத்தார், பச்சை எரிந்தது. அந்தப் பக்கம் போய் நின்று, "நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு தம்பி!" என்று சத்தமாகச் சொன்னார். நான் கையைக் காட்டிப் போகச் சொன்னேன்.

கவுண்ட்டரில் முக்காடு போட்ட மலாய்ப் பெண். நான் விரல் வைத்தேன். சிவப்பு. "லாகி" என்றாள். மறுபடி என்று அர்த்தம். சிவப்பு. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள். துடைத்தேன். நெற்றியில் தேய்த்துக் கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஏற்றி வைத்தேன். வேலை ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை அது. சிவப்பு.

அவள் என் விரலை எட்டிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வந்தது. "பாரு காவின்?"

புதுசா கல்யாணமா என்று கேட்கிறாள். அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் விரல் நுனியில் மருதாணி வைப்பார்கள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் சிரித்துக்கொண்டே வேறு வழி பார்த்திருப்பாளோ என்னவோ. பெர்மிட்டில் கல்யாணம் ஆகாதவன் என்று இருக்கிறது. பயத்தில் உண்மையைச் சொன்னேன். இல்லை என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. கல்யாணம் இல்லாத ஆம்பளை எதற்கு விரல் நுனியில் மட்டும் சாயம் ஏற்றிக்கொண்டு வருகிறான்? அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது. ஒரு தடவை பிடித்துக் கறுப்புப் பட்டியலில் போட்ட ஆட்கள், விரல் நுனியை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டு வேறொருத்தர் பாஸ்போர்ட்டில் திரும்பி வருவார்கள் என்று கடையில் பேசிக்கொள்வோம். அவள் போனை எடுத்தாள். ஒரு காவலர் வந்து என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். பாஸ்போர்ட் அவர் கைக்குப் போயிற்று. பாஸ்போர்ட் கையை விட்டுப் போனால் உடம்பில் துணி இல்லாத மாதிரி இருக்கும்.

அறையில் நாற்காலிகளில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஓர் ஓரத்தில் ஒருவன் ஷூ லேஸைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். போனைத் தொடக் கூடாது என்று சைகை காட்டினார்கள். சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். திருச்சிக்குத் திரும்பும் விமானத்தில் எனக்கு இடம் இருக்கும். அக்கா வீட்டு வாசலில் போய் நின்று என்ன சொல்வது? அங்கே ஒரு வாரம் இருப்பேன், பத்து நாள் இருப்பேன். அதற்குப் பிறகு? ஓர் ஊரில் அதற்கு மேல் எனக்கு இருக்கத் தெரியாது. சூரத்துக்கு மறுபடி போகும் வயது இல்லை. இதையே சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைக் கூப்பிட்ட மேலதிகாரி நம்ம முகம். மேசையில் என் பாஸ்போர்ட். முதலில் மலாயில் கேட்டார். என் மலாய் ரொட்டிக் கடை மலாய். முட்டை போட்டது, போடாதது, கட்டிக் கொடுக்கணுமா, அவ்வளவுதான். திணறினேன். அவர் தமிழுக்கு வந்தார்.

"இது யாரு பாஸ்போர்ட்டு?"

"என்னுதுங்க."

"பாஸ்போர்ட்டு உங்களுது. அப்ப வெரலு ஏன் உங்களுது இல்ல?"

"என் விரல்தாங்க. நாத்து பறிச்சேங்க. புண்ணாயிடுச்சு. அதுக்கு மருதாணி வச்சாங்க."

"ரொட்டிக் கடையில நாத்து பறிச்சீங்களா?"

"இல்லைங்க, ஊர்ல. அக்கா வயல்ல."

"லீவுக்குப் போனவரு வயல்ல ஏன் எறங்கினீங்க?"

"ஆள் கிடைக்கலைங்க."

அவர் நம்பவில்லை. "இந்த மாதிரி கதை நான் நெறைய கேட்டுட்டேன். ஒருத்தன் அடுப்புல சுட்டுட்டேன்னான். ஒருத்தன் நாய் கடிச்சிருச்சின்னான். பத்து வெரலயும் நாய் வரிசையா கடிச்சிருக்கு."

பக்கத்தில் இருந்த மலாய் அதிகாரிக்கு அதைச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சாட்சி சொல்ல யாரும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் வயலில் நாற்று பச்சை பிடித்துக்கொண்டிருக்கும். அதை எப்படி இங்கே கொண்டுவந்து காட்டுவது?

அப்போது கால் அரித்தது. சேற்றுப்புண் ஆறும்போது அப்படித்தான் அரிக்கும். சட்டென்று குனிந்து ஷூவைக் கழற்றினேன்.

"ஏய், என்னா பண்றீங்க?"

சாக்ஸையும் உருவி, காலைத் தூக்கி அவர் பார்க்கும்படி வைத்து விரல்களை விரித்துக் காட்டினேன். இடுக்குக்கு இடுக்கு செங்கல் நிறம். அதற்குள் வெளுத்து உரிந்த தோல். காலையிலிருந்து ஷூவுக்குள் கிடந்த கால். அறை முழுக்க நாற்றம் எழுந்தது.

"விரல் ரேகையை மறைக்கணும்னா கால்ல எதுக்குங்க வைக்கிறேன்?" என்றேன்.

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மலாய் அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"மூடுங்க. மூடுங்க சாமி, போதும்." என் படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பெர்மிட் எடுக்கறப்ப பத்து வெரலும் குடுத்தீங்கதான?"

"குடுத்தேங்க."

மேசை ஓரத்தில் இருந்த மிஷினை என் பக்கம் தள்ளினார். "புண்ணு இல்லாத வெரலு எது?"

சுண்டு விரலை நீட்டினேன். நாற்று பறிக்கையில் அதற்கு வேலை இல்லை. அக்கா அதற்கு மருதாணியும் வைக்கவில்லை. கண்ணாடியில் பட்டும் படாமல் வைத்தேன். அவரே என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அவர் கை குளிர்ந்து இருந்தது. கம்ப்யூட்டரில் ஏதோ சுற்றியது. நான் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கைச் சுண்டு விரலையும் வைக்கச் சொன்னார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டு என் கடை, சம்பளம், தங்கும் இடம் எல்லாம் கேட்டார். முதலாளி என்ன சொன்னாரோ தெரியவில்லை. போனை வைத்துவிட்டு முத்திரையை எடுத்தார்.

"அடுத்த தடவ வெரலு ஆறினப்பறம் வாங்க" என்றார். அதட்டினாரா, சொல்லி அனுப்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் வாங்கினேன். ஷூவை ஒழுங்காக மாட்டாமலேயே வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் விமானத்துப் பெட்டிகள் எல்லாம் போய், பெல்ட் சும்மா நின்றது. அதன் பக்கத்தில் பாபநாசத்து அம்மா. தன் பெட்டிகளோடு என் பையையும் இழுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா இன்னும் போகலையா? மாப்பிள்ளை வெளிய நிப்பாரே."

"நிக்கட்டும். கஸ்டம்ஸ்ல பெட்டியத் திறக்கச் சொன்னா நான் யாருகிட்ட என்ன பேசறது? ஒரு அதிகாரி வந்து போ போன்னாரு. எங்க தம்பி வரணும்னு உக்காந்துட்டேன்." என் முகத்தைப் பார்த்தார். "ஏன் இவ்வளவு நேரம்? வயிறு சரியில்லையா?"

"ஆமாம்மா" என்றேன்.

கஸ்டம்ஸில் திறக்கத்தான் சொன்னார்கள். பிரசவ லேகியத்தை ஓர் அதிகாரி மூடி திறந்து முகர்ந்து பார்த்தார். நான் மருந்து, பிள்ளை பெற்றவர்களுக்கு என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். கை ஆட்டிக் காட்டியபோது அவர் கண் என் விரலில் நின்றது. சட்டென்று கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். அவர் மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

வெளியே மாப்பிள்ளையிடம் அந்த அம்மாவை விட்டுவிட்டு, பஸ் நிற்கும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். பாஸ்போர்ட் சட்டைக்குள் இருக்கிறதா என்று பல தடவை தொட்டுப் பார்த்தேன். போனில் அக்கா கூப்பிட்டாள்.

"போய்ச் சேந்துட்டியா? ஏன் எடுக்கல? நான் எத்தனவாட்டி அடிக்கிறது?"

"உள்ள சிக்னல் இல்லக்கா."

"எதுவும் கேக்காம விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க."

"விரல் எப்படிடா இருக்கு? மருதாணி கேட்டுச்சா?"

கையை விரித்துப் பார்த்தேன். சோப்பில் உரிந்த இடம் மட்டும் எரிந்தது; மற்ற வெடிப்புகள் மூடத் தொடங்கியிருந்தன. கால் அரிப்பும் நின்றிருந்தது.

"கேட்டுச்சுக்கா" என்றேன். "நல்லா ஆறிடுச்சு."